தரங்கம்பாடியில் ஒரு மௌன விரதம்

உபாத்தியாயருக்கு விடுமுறை உண்டு. உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை கிடையாது. இந்த உண்மை நமக்கு விளங்க 46 வயதும், ஒரு கடற்கரையும் தேவையாயிருந்தன.

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் சோழநாட்டுக் கோயில்களைத் தரிசித்து வந்தோம். கோபுரத்துக்கு ஒரு பிரசங்கம், கல்வெட்டுக்கு ஒரு பிரசங்கம் என்று நாம் பொழிந்துகொண்டே வர, நமது 13 வயதுப் புதல்வன் 'உம்' கொட்டிக்கொண்டே வந்தான். மயிலாடுதுறையில் பஸ் ஏறும்போது நம் இல்லத்தரசி நிபந்தனை விதித்தாள்.

"தரங்கம்பாடியில் ஒரு நாள் சும்மா இருப்போம். நீங்கள் பாடம் நடத்தக் கூடாது. பையன் உங்களிடம் கேள்வி கேட்டு ஒரு வருஷமாகிறதே, கவனித்தீர்களா?"

கவனிக்கவில்லை. கேள்வி கேட்காத மாணவனை நல்ல பிள்ளை என்று எண்ணியே இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் மௌன விரதத்துக்குத் தரங்கம்பாடியைப்போல் பொல்லாத ஊர் வேறில்லை. 1792-ல் கட்டிய நுழைவாயிலில் புகுந்தவுடனேயே நாக்குத் துறுதுறுத்தது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதத்துடன் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை எதிரே நின்றது. 1845-ல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கதையும் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டோம்.

கோட்டைக்கு வடக்கே, கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது. பெரும் பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, கடல் கோயிலைத் தின்னும்போது ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?"

"தெரியாது" என்றோம். அந்தச் சொல் நம் வாயில் புதிதாக ஒலித்தது.

அருகில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் அவனே போய்க் கேட்டான்.

"என்ன செய்வது, தம்பி? கடல் ஓரடி வந்தால் நாங்கள் ஓரடி தள்ளிக் குடியிருந்தோம். அதனோடு வழக்கா ஆட முடியும்?"

"2004-ல் சுனாமி வந்தபோது?"

பெரியவரின் கைகள் நின்றன. "அன்றைக்குத் தள்ளிப் போக அது நேரம் கொடுக்கவில்லை."

பையன் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். பிறகு இருவரும் பேசவில்லை. சற்று நேரத்தில் பெரியவர் வலையின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சுனாமியின் காரணங்களை நாம் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அன்று அறிந்ததை அதுவரை அறிந்ததில்லை.

இரவு விடுதித் திண்ணையில் பையன் கேட்டான்: "ராஜ வீதியில் ஒருவருடைய பெயரைப் பார்த்தேனே, சீகன்பால்கு யார்?"

இல்லத்தரசியைப் பார்த்தோம். தலையசைத்து அனுமதி தந்தாள்.

"1706-ல், 24 வயது நிரம்புமுன் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர். வந்த புதிதில் தமிழ்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து, விரலால் எழுதி எழுத்துப் படித்தாராம்."

சொல்லும்போதே நமக்கு வெட்கமாயிருந்தது. அவர் வந்தவுடனே மணலில் உட்கார்ந்தார். நாம் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறோம்.

"அப்புறம்?" என்றான் பையன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட 'அப்புறம்' அது.