1248 சி.சி.யும் ஒரு தகடும்

மாட்டு வண்டியின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயர்கள் உண்டு. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி, பூட்டாங்கயிறு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கதைகளில் அவற்றைப் படிக்கும்போது நமக்குள் ஒரு நெகிழ்ச்சியும் வந்துவிடுகிறது. அந்த வண்டியைத் தெருவிலிருந்து அகற்றிய எந்திரத்தைப் பற்றி எழுத அமர்ந்தால் மட்டும் கை தயங்குகிறது. நாசில், செயின், டர்போ என்று பட்டறையில் புழங்கும் சொற்கள்தாம் கிடைக்கின்றன. பட்டறைக்காரர்கள் அவற்றைச் சொல்லும் விதத்தில் அவை நம் சொற்களாகிப் பல காலம் ஆகிறது என்பதால், அப்படியே எழுதுகிறோம்.

நாங்கள் மூவர். கோவில்பட்டி வட்டாரத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள். 2019இல் மூவரும் பங்கு போட்டு, 2012ஆம் ஆண்டு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினோம். கூட்டங்களுக்குப் போக, புத்தகக் கண்காட்சியிலிருந்து பெட்டிகளை ஏற்றிவர, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நள்ளிரவில் திருநெல்வேலிக்கு ஓட என்று அது மூன்று வீட்டுக்கும் பொதுவான வண்டி. அதன் முன்பக்கத்தில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை. ஏனெனில் அந்த நாட்களில் பல சின்னங்களுக்குப் பின்னால் ஒரே எஞ்சின்தான் இருந்தது.

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் 2003இல் போலந்தின் பியெல்ஸ்கோ-பியாவா நகரத்துத் தொழிற்சாலையில் உற்பத்திக்கு வந்தது. 2005இல் ஆண்டின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேசப் பரிசை அதன் கொள்ளளவுப் பிரிவில் பெற்றது. 2007இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலாக இந்தியச் சாலைகளில் இறங்கியது. பின்னர் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, டாட்டாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா, செவர்லேயின் சில வண்டிகள் என்று பரவியது. கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதனை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று வேடிக்கையாக அழைத்தார்கள்.

இதன் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. சிலிண்டரின் விட்டம் 69.6 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. மொத்தம் 1248 சி.சி. ஒரு சிலிண்டருக்கு 312 சி.சி. என்றால், ஒரு பெரிய டம்ளர் மோரின் அளவு. எடை சுமார் 130 கிலோ. பரவலாக விற்ற வடிவத்தின் திறன் 4000 சுற்றில் 75 குதிரைத்திறன், முறுக்குவிசை 2000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர். டர்போவின் இறகுகள் கோணம் மாறும் வகையில் அமைந்த மற்றொரு வடிவம் 90 குதிரைத்திறன் தரும்.

இந்த எண்களுக்குள் நடப்பது என்ன என்று யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கினால் அந்த நெருக்கடியிலேயே அது கொதித்துவிடும். அதில் எண்ணெய் பட்டவுடன் தானே பற்றிக்கொள்ளும். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினின் கருத்தும் இதுதான். அதன் பிறகு நூறு ஆண்டுகள் கழித்து, 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் என்னும் முறை வந்தது. எண்ணெயை ஒரு பொதுக் குழாயில் பேரழுத்தத்தில் தேக்கி வைத்து, மின்சாரக் கட்டளையால் திறந்து மூடும் முறை அது. மல்டிஜெட் அதன் அடுத்த படி. ஒரே எரிதலுக்குள் ஐந்து தவணை வரை எண்ணெயைப் பிரித்துத் தெளிக்கும். குழாயில் உள்ள அழுத்தம் 1400, 1600 பார் என்ற அளவில் இருக்கும். நம் கார் டயரில் உள்ளது இரண்டு பாருக்குச் சற்று மேல். எஞ்சின் 2000 சுற்றில் ஓடும்போது நான்கு சிலிண்டர்களிலும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 67 எரிதல்கள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இத்தனை தவணைகள். பழைய டீசல் வண்டிகளின் கடகடப்பு குறைந்ததற்கு இந்தப் பகிர்ந்தளிப்பே காரணம்.

இத்தனை நுட்பம் உள்ள இடத்தில் நோய்களும் நுட்பமாகவே வருகின்றன.

முதலாவது, டைமிங் செயின். ரப்பர் பெல்ட்டைப் போல் மாற்ற வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் இதில் இரும்புச் சங்கிலி வைத்தார்கள். அந்தச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் குறைந்தாலும், மாற்றாமல் கெட்டியாகிப் போனாலும் பிடி தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் சலங்கை போல ஒரு ஒலி கேட்கும். அதைக் கேட்டும் கேளாமல் விட்டால், சங்கிலி பல் தாவி, வால்வுகளைத் திறந்து மூடும் பாகங்கள் நொறுங்கும்.

இரண்டாவது, டர்போ. வெளியேறும் புகையால் சுழலும் இந்தச் சிறு காற்றாடி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடியது. அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நின்ற கணமே எஞ்சினை அணைத்தால் ஆயில் நின்றுவிடுகிறது, சூடு நிற்பதில்லை. தங்கிய ஆயில் கரியாகிறது. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொல்வது இதனால்தான். 2000 சுற்றுக்குக் கீழே வண்டி சோம்பிக் கிடந்து, பிறகு திடீரென்று பாய்வதும் டர்போவின் குணமே. அது நோயன்று, சுபாவம்.

மூன்றாவது, நாசில். இந்தப் பேரழுத்தப் பம்புக்கும் நாசிலுக்கும் டீசலே உயவுப்பொருளும் ஆகும். அதில் மண்ணெண்ணெய் கலந்தால் உயவு குறைந்து தேய்மானம் தொடங்கும். கலப்படம் என்பது நாசிலோடு முடிகிற விஷயமும் அன்று. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் எரிபொருள் கலப்படத்தைத் தடுக்க முயன்ற இந்தியன் ஆயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத் 2005 நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நான்காவதுதான் எங்களை இதை எழுத வைத்தது.

டீசல் எஞ்சினுக்குத் தீராத ஒரு தருமசங்கடம் உண்டு. அதிக வெப்பத்தில் எரித்தால் கரி குறையும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும், கரி பெருகும். இரண்டையும் ஒருங்கே குறைப்பது எளிதன்று. இ.ஜி.ஆர். வால்வு என்பது வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பி, எரிதலின் சூட்டைத் தணிக்கும் கதவு. தன் புகையைத் தானே விழுங்கும்படி எஞ்சினுக்கு விதிக்கப்பட்ட தண்டனை என்றும் சொல்லலாம். அந்தப் புகையின் கரியும் எஞ்சினின் ஆயில் ஆவியும் சேர்ந்து, காற்று நுழையும் வழியெங்கும் தார் போலப் படிந்துவிடும். கதவு மூடாமல் சிக்கும். வண்டி மூச்சு வாங்கும், கரும்புகை தள்ளும்.

எங்கள் வண்டிக்கு அது நேர்ந்தது. எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அனுபவசாலி. வால்வைக் கழற்றிக் காட்டிவிட்டு ஒரு யோசனை சொன்னார். "தம்பி, இதக் கழுவிக் கழுவி ஒண்ணும் ஆகப் போறதில்ல. ஒரு சின்னத் தகடு வெட்டி வழிய அடச்சி விட்டுருவோம். வண்டி சும்மா பறக்கும்."

"புகைச் சோதனையில மாட்டாதா அண்ணாச்சி?"

"இன்னும் நல்லாப் பாஸாகும்."

அவர் சொன்னது முழு உண்மை. நம் ஊரில் டீசல் வண்டிக்கு மாசுச் சான்றிதழ் தரும்போது பார்ப்பது புகையின் கருமையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைடுகளை அங்கே யாரும் அளப்பதில்லை. தகடு வைத்தால் கரி குறையும். கண்ணுக்குத் தெரியாதது கூடும். 2012ஆம் ஆண்டு வண்டியான எங்களுடையதற்கு விதித்திருந்த வரம்பே கிலோமீட்டருக்கு 0.25 கிராம். 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஆறாம் நிலையில் அது 0.08. அந்த வரம்பை எட்டும் செலவு சிறிய டீசல் கார்களுக்குக் கட்டாது என்று மாருதி அந்த ஆண்டோடு டீசலையே கைவிட்டது.

எங்களில் ஒருவரின் மகளுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் நெபுலைசர் இல்லாமல் அந்த வீட்டில் இரவு கழியாது. நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழலை எரிச்சலூட்டி இளைப்பைக் கூட்டும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. எங்கள் வண்டி பிறந்த அதே ஆண்டு. அந்தக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் இதே வண்டிதான்.

அன்று பட்டறை வாசலிலேயே எங்களுக்குள் விவாதம் நடந்தது. ஒருவர் ஃபோக்ஸ்வாகனை நினைவூட்டினார். 2015 செப்டம்பரில் வெளிவந்த அந்த மோசடியில், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருள் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது. அங்கே மென்பொருள், இங்கே தகடு, வேறு என்ன வித்தியாசம் என்றார். இன்னொருவர் ஒப்பவில்லை. லாபத்துக்குச் செய்த நிறுவனமும், மூன்று பேர் சேர்ந்து பராமரிக்கத் திணறும் ஒரு பழைய வண்டியும் ஒன்றல்ல என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மாதம் மூவர் கையிலும் பணமில்லை.

கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கைகளைத் துடைத்தபடி சொன்னார்: "உங்க ஒரு வண்டியால ஊருக் காத்து சுத்தமாயிருமாக்கும்?"

ஆகாது. அந்தக் கேள்விக்கு இன்றும் எங்களிடம் பதிலில்லை. கழுவித் தரச் சொன்னோம். வால்வையும் காற்று வழியையும் கழற்றிச் சுரண்டிக் கழுவி மாட்ட ஒரு முழுநாள் ஆனது. தகடு என்றால் அரைமணி நேரம். கூலி வாங்கும்போது அவர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. எங்களில் ஒருவர் முகத்திலும்தான்.

அதன் பிறகு இருமுறை அதே வேலையைச் செய்துவிட்டோம். சுமார் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. நகருக்குள்ளேயே குறைந்த சுற்றில் ஓட்டினால் கரி விரைவில் படியும் என்பதால், வாரம் ஒருமுறை நான்கு வழிச்சாலையில் அரைமணி நேரம் நன்றாக ஓட்டுகிறோம்.

இந்த எஞ்சின் உள்ள பழைய வண்டியை வாங்க எண்ணும் நண்பர்களுக்கு மூன்று வார்த்தைகள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய், முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேளுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இ.ஜி.ஆர். குழாயின் இணைப்பில் புதிதாகத் தகடு ஏதும் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

2027இல் எங்கள் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. பதிவைப் புதுப்பிப்பதா, உடைக்கக் கொடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. மூவரில் இருவர் புதுப்பிக்கலாம் என்கிறோம். அந்தக் குழந்தையின் தந்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.