சாம்பலை வழித்தெடுக்காதீர்கள்

யார்க்‌ஷயரில் உள்ள இந்தப் பழைய கல்வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது, கூடத்தில் ஓர் இரும்பு அடுப்பு எங்களுக்காகக் காத்திருந்தது. மல்ட்டிஃப்யூயல் ஸ்டவ் என்று பெயர். விறகும் எரிக்கலாம், புகை குறைந்த கரிக்கட்டிகளும் எரிக்கலாம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் விறகடுப்பின் முன் வளர்ந்தவர்களுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்றோர் இறுமாப்பு எங்களுக்கு இருந்தது. முதல் குளிர்காலமே அதனை அடக்கியது.

விறகு சீறியது, புகைந்தது, எரியவில்லை. கண்ணாடிக் கதவு ஒரே மாலையில் கறுத்தது. கூடை விறகு தீர்ந்த பின்னும் அறை குளிர்ந்தே கிடந்தது. இரவில் காற்றுத் திறப்புகளை இறுக மூடி, விடியும்வரை கனன்றுகொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டு உறங்கச் செல்வோம். அதைச் சிக்கனம் என்று எண்ணினோம்.

வசந்தத்தில் புகைபோக்கியைத் துடைக்க வந்த முதியவர், உள்ளிருந்து சுரண்டியெடுத்ததைச் செய்தித்தாளில் பரப்பிக் காட்டினார். அது கரித்தூள் அன்று. பளபளவென்று மின்னும் கெட்டியான தார்ச் செதில்கள். இன்னொரு குளிர்காலம் இப்படியே எரித்திருந்தால் புகைபோக்கி உள்ளேயே தீப்பற்றியிருக்கும் என்றார். மாடியில் அந்தப் புகைபோக்கியை ஒட்டிய அறையில்தான் எங்கள் மகன் உறங்குகிறான்.

அதன் பிறகே நெருப்பை முறையாகப் படிக்கத் தொடங்கினோம். கொழுந்துவிட்டு எரிவது உண்மையில் கட்டை அன்று; சூடேறிய கட்டையிலிருந்து வெளிவரும் வாயுக்களே. அவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். அந்த நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிவிடுவதால், வாயுக்கள் எரியாமல் மேலேறிக் குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படிகின்றன. காற்றை அடைத்துவிட்டால் காய்ந்த விறகுக்கும் இதே கதிதான். நஞ்சாகிய கார்பன் மோனாக்சைடும் கூடவே பிறக்கிறது.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகுக்கு 2021 மே முதல் இதுவே சட்டம். நாங்கள் கட்டைகளைப் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருக்குமாறு அடுக்கி, இரண்டு கோடைகள் பொறுத்திருந்தோம். ஈரமானியை எப்போதும் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் குத்திப் பார்க்க வேண்டும். வெளிப்புறம் நம்மை ஏமாற்றும். அடுக்கும் முறையையும் தலைகீழாக்கினோம். பெரிய கட்டைகள் அடியில், அவற்றின்மேல் சிறியவை, உச்சியில் சுள்ளி. தீ மேலிருந்து கீழிறங்கும்போது, எழும் வாயுக்கள் கொழுந்தினூடே சென்று எரிந்துபோகின்றன.

இவ்வளவு கற்றும் ஒன்றைத் தவறவிட்டிருந்தோம். சென்ற ஆண்டு எங்களோடு குளிர்காலத்தைக் கழிக்க வந்த அம்மா, இரண்டாம் நாளே கேட்டார்: "ஏம்ப்பா, தெனமும் சாம்பலை வழிச்சுக் கொட்டுறீங்க? அடியில கொஞ்சம் கெடக்கட்டும். தணல் எங்க தங்கும்?"

அவர் கூறியதே சரி. கரிக்குத்தான் கம்பித்தட்டின் கீழிருந்து காற்று வேண்டும். விறகுக்கு வேண்டியது இரண்டு விரற்கடை சாம்பல் மெத்தையும் மேலிருந்து வரும் காற்றும். அன்று முதல் கீழ்த்திறப்பைப் பற்றவைக்கும் சில நிமிடங்கள் மட்டுமே திறக்கிறோம். விறகுச் செலவு கண்கூடாகக் குறைந்தது.

ஆனால் அந்த அறிவுக்கு அம்மா கொடுத்த விலையையும் நாங்கள் அறிவோம். நாற்பது ஆண்டுகள் புகைக்குள் சமைத்தவர். இரைப்புக்காக மருத்துவரிடம் சென்றபோது, அவர் முதலில் கேட்டதே, "எத்தனை வருஷம் விறகடுப்பு?" என்பதுதான். எந்தப் புகையிலிருந்து அவரை மீட்க எரிவாயு வாங்கித் தந்தோமோ, அதே புகையைக் காசு கொடுத்து எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம்!

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்னரே, 1956இல் இந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்றும், நன்றாக எரியும் விறகடுப்பிலிருந்துகூட நுண்துகள்கள் வெளியேறத்தான் செய்கின்றன.

ஒரு மாலை அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் நின்று புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். வெப்பத்தில் காற்று மட்டுமே நெளிந்தது. "பொகையே காணோமே!" என்று வியந்தார். எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆயினும் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி அவரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப நான் இருக்குற வரைக்கும் வேணாம்ப்பா" என்றார்.

அவர் ஊர் திரும்பும்வரை அடுப்பை மூட்டவில்லை. இப்போதும் கடுங்குளிர் நாட்களில் மட்டுமே மூட்டுகிறோம். சாம்பலை மட்டும் வழித்தெடுப்பதில்லை.