போர் தண்ணீரும் உப்புக் குளமும்

"உப்பு போட்டாச்சு, மெஷினும் ஓடுது. அப்புறம் எதுக்குத் தம்பி இந்த ஆசிட் கேன்?"

ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் நீச்சல் குளங்களைப் பராமரிப்பது என் தொழில். உப்பு முறைக் குளம் கட்டிய எல்லா வீட்டிலும் பெரியவர்கள் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மெஷின் விற்க வருகிறவர்கள், மருந்தே வேண்டாம், உப்பு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த மெஷின் எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

நம் பக்கத்துத் தண்ணீர் பாறை இடுக்கிலிருந்து வருவது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து 800 அடி, 1,000 அடி இறக்கிய பிறகு கிடைக்கிற நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாட்டர் ஹீட்டர் காயில் ஒரே வருடத்தில் வெள்ளை பூத்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம். நான் சோதிக்கும் போர்களில் 600-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். கூடவே ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், 300, 350 என்று நிற்கும். குளத்துக்குக் கேடு செய்வது முக்கியமாக இந்த இரண்டாவது எண்தான். வீட்டுக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

உப்புக் குளத்திலும் நம்மைக் காப்பது குளோரின்தான். அதை டப்பாவில் வாங்காமல் குளத்தங்கரையிலேயே தயாரிக்கிறோம், அவ்வளவே. மேட்டூரில் பல தலைமுறையாக உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள் அல்லவா, அதே வேலையைச் சிறிய அளவில் செய்வது மெஷினில் இருக்கும் செல். டைட்டானியத் தகடுகள், அவற்றின் மேல் ருத்தீனியம் பூச்சு. ஒரு தகட்டில் குளோரின் பிறக்கிறது. எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் குமிழியும் காரமும் பிறக்கின்றன. குளத்து நீரில் லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு இருந்தால் போதும். கடல் நீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு.

உப்புக் குளத்தில் பிஎச் ஏறிக்கொண்டே போகும். அதற்குக் காரம் பிறப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். குளோரின் தன் வேலையை முடித்து மறுபடி குளோரைடு ஆகும்போது அந்தக் காரம் ஏறக்குறைய ஈடாகிவிடும். பிஎச்சை ஏற்றுவது ஹைட்ரஜன் குமிழிகள்தான். அவை மேலே வரும்போது நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் கிளப்பிக்கொண்டு போகின்றன, கோலி சோடாவைக் குலுக்கினால் வாயு வெளியேறுவது போல. ஆல்கலினிட்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவு வாயு வெளியேறக் காத்திருக்கிறது. அதனால்தான் 350 ஆல்கலினிட்டி உள்ள போர் தண்ணீரைப் பிடித்து மெஷினைப் போட்டால் ஒரு வாரத்துக்குள் பிஎச் 8-ஐத் தாண்டுகிறது. 7.5-ல் குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8-ல் அது கால் பங்குக்கு இறங்கிவிடும்.

அப்படி விட்ட செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடுகளுக்கு இடையே இருக்கும் சந்து தெரியாது. எதிர்த் தகட்டை ஒட்டிய நீரில் காரம் உச்சத்தில் இருப்பதால் சுண்ணாம்பு முதலில் அங்கேதான் படிகிறது, சுவரில் காறை பூசியது போல் தடிமனாக. செல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின் திசையை மாற்றி அதை உதிர்க்கப் பார்க்கும். உதிர்ந்த வெள்ளைச் செதில்கள் குளத்துக்குள் வந்து மிதக்கும். ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் ருத்தீனியம் பூச்சு போய்விடும். ஒரு பங்கு ஆசிட்டை நான்கு பங்கு தண்ணீரில் ஊற்றி (எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும்) அதில் செல்லை ஊறவைத்தால் சுர்ரென்று பொங்கும். பொங்கல் அடங்கியதும் உடனே எடுத்துவிட வேண்டும். அடிக்கடி இப்படிக் கழுவினாலும் பூச்சு தேயும். மாதாமாதம் செல் கழுவ வேண்டியிருந்தால் தண்ணீரின் சமன் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சமனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1936-ல் கலிபோர்னியாவில் லாங்லியர் என்ற பேராசிரியர் குடிநீர்க் குழாய்களுக்காகப் போட்டது. பிஎச், வெப்பம், கால்சியம், ஆல்கலினிட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிச் சொல்கிறது. பூஜ்யத்துக்கு அருகே இருந்தால் நல்லது; அதிகம் ஏறினால் சுண்ணாம்பு படியும், அதிகம் இறங்கினால் நீர் சிமெண்டைத் தின்னும். சித்திரை வெயிலில் 34 டிகிரி நீர், கால்சியக் கடினத்தன்மை 600, ஆல்கலினிட்டி 300, பிஎச் 7.8 என்றால் எண் 1.2-க்கு மேல் போகிறது. கால்சியத்தைப் பிரித்து எடுக்க நம்மிடம் மலிவான வழி இல்லை. அதே 600-ஐ அப்படியே விட்டு, ஆல்கலினிட்டியை 70-க்கும் பிஎச்சை 7.4-க்கும் கொண்டுவந்தால் எண் 0.2-க்கு வந்துவிடும். போர் தண்ணீரில் உப்புக் குளம் நடத்துவதன் சூட்சுமம் இதுதான்.

ஆல்கலினிட்டியை இறக்குவதற்குப் பொறுமை வேண்டும். 20 அடிக்கு 10 அடி, நாலரை அடி ஆழக் குளத்தில் சுமார் 25,000 லிட்டர் பிடிக்கும். அதில் 350-ஐ 80 ஆக்க 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 13 லிட்டர் வரை ஆகும். ஒரே நாளில் ஊற்றினால் பம்பும் காறையும் கெடும். பிஎச் 7-க்குச் சற்று மேல் வரும் வரை ஊற்றி நிறுத்திவிட்டு, நீர் திரும்பி வரும் வாய்களை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கலக்கிவிடுவேன். வாயு போய் பிஎச் தானாக ஏறும், ஆல்கலினிட்டி ஏறாது. மறுபடி ஆசிட். சோதனைக் குப்பியில் பச்சை நிறம் சிவப்பாக மாறும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும், சொட்டுக்கு 10 என்று கணக்கு. முப்பது சொட்டுக்குச் சிவந்த நீர் எட்டாவது சொட்டில் சிவக்கும்போது எனக்கு நிம்மதி வரும். கழிப்பறைக்கு விற்கும் மஞ்சள் ஆசிட்டில் இரும்பு கலந்திருக்கும்; அது குளத்துக்கு ஆகாது.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெஷின் காட்டும் உப்பு அளவு உண்மையில் மின் கடத்தும் திறன். ஏற்கெனவே 1,500 டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்புகள்) உள்ள போர் தண்ணீரையும் அது உப்பு என்றே படிக்கும். திரையில் 3,500 வந்துவிட்டது என்று நிறுத்தினால் தேவையான குளோரைடு இருக்காது, போதிய குளோரின் பிறக்காது. குளோரைடைத் தனியாகச் சோதித்துவிட்டே மூட்டையைப் பிரியுங்கள். அயோடின் சேர்க்காத, சுத்திகரித்த உப்பு நல்லது. கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும். வெயில் குளோரினைக் குடித்துவிடாமல் இருக்க ஸ்டெபிலைசர் 60, 70 அளவில் இருக்கட்டும்.

கோடையில் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது. மேலே சொன்ன அளவுக் குளத்துக்கு மாதம் 4,000 லிட்டர் நிரப்ப வேண்டும். போனது வெறும் நீர், நிரப்புவது 600 கடினத்தன்மை உள்ள நீர். மாதம் 90-க்கு மேல் கடினத்தன்மை கூடுகிறது. பங்குனி தொடங்கி வைகாசி முடிவதற்குள் கிட்டத்தட்ட 300 ஏறி நிற்கும். பிறகு பாதி நீரை இறைத்துக் கொட்ட வேண்டிய நிலை. எங்கே கொட்டுவது? பாக்கு மரத்தடிக்கோ மஞ்சள் வயலுக்கோ விட்டால் இலை நுனி கருகும். தென்னை ஓரளவு தாங்கும். பயிர் செய்யும் மண்ணில் உப்பைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்டாலும் அந்த வேலையை நான் செய்வதில்லை.

குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குளத்துக்குப் பிடிப்பதும் நியாயமில்லை. மிச்சம் இருப்பது மழை. 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும்; அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, குழாய்கள் சுவரில் தயாராகவே இருக்கின்றன. குளம் கட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்ண விளக்குக்கும் செயற்கை அருவிக்கும் ஒதுக்கும் பணத்தில் முதலில் ஒரு மழைநீர்த் தொட்டி கட்டுங்கள், குளத்துக்கு ஒரு மூடி வாங்குங்கள். மூடி போட்டாலே ஆவியாவது பாதிக்கு மேல் குறையும். இந்த இரண்டும் இருக்கிற வீட்டில் ஆசிட் கேனுக்கு அதிகம் வேலை இருக்காது.