நூல்காலன்

வால்பாறையில் ஜூன் மாதம் மழை பிடித்ததென்றால் ஓணம் வரைக்கும் விடாது. லைன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும், தீப்பெட்டி நமுத்துப்போகும், அடுப்புக்கு வைத்த விறகு புகைந்துகொண்டே கிடக்கும். அதனால் மழை கொஞ்சம் வெளிவாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாயி சுள்ளி பொறுக்கக் காட்டோரம் கிளம்பிவிடுவாள். துணைக்கு நான். முழங்கால் வரை புகையிலைத் தண்ணீரைத் தடவிவிடுவாள். இடுப்பில் உப்பு முடிச்சும் இருக்கும். அட்டைகள் இரண்டையுமே பெரிதாக மதித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று குறையும். எஸ்டேட் போட்டபோது வெட்டாமல் விட்ட துண்டுக் காடு அது. உள்ளே போனதும் முதலில் நிற்பது ஒரு வெடிப்பலா. சோலைமந்திகள் கடித்துப் போட்ட முள் பழங்கள் அடியில் சிதறிக் கிடக்கும். பலகை பலகையாய் விரிந்த அதன் வேர்களுக்கு நடுவே நான் உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு ஒரு குடைவு இருந்தது. ஒருநாள் அதற்குள் தலையை விட்டேன். குடைவின் சுவர் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்திருந்தது. ஊதினேன். அத்தனையும் ஒரே நேரத்தில் மேலும் கீழுமாகக் குதித்து ஆட ஆரம்பித்தது.

மயிரில்லை, கால்கள். நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒன்றின் கால்மேல் இன்னொன்று கால் போட்டு அப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றும் எட்டு நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு மிளகு. லைன் பிள்ளைகள் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் நூல்காலன்.

"கிட்டப் போகாதடா, மேல மோண்டுட்டா அக்கி வந்துரும்" என்றாள் அப்பாயி. அக்கி வந்தால் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் இந்தப் பூச்சிக்கு விஷம் கிடையாது, கடித்து மனிதரைத் துன்புறுத்தும் வல்லமையும் கிடையாது. அப்பாயி முழுக்கப் பொய் சொல்லவில்லை என்றும் சொல்லவேண்டும். உடம்பின் முன்பக்கம் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சுரப்பித் துளை உண்டு. பிடித்து அமுக்கினால் அதிலிருந்து ஒரு நீர் கசியும். விரலில் பட்டால் சோப்பு போட்டாலும் அந்தக் கார நெடி எளிதில் போகாது. எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அவ்வளவுதான். கூட்டமாக இருந்தால் நெடியும் கூட்டமாகக் கிளம்பும்.

லைன் வீட்டுக் கூரை மூலையில் தொங்கிய ஒட்டடைச் சிலந்தியையும் இதையும் எல்லோரும் ஒன்றாகவே நினைத்தார்கள். அதற்கும் கால் நீளம், தொட்டால் அதுவும் ஆடும். ஆனால் அது தன் வலையிலேயே கிடக்கும், இடுப்பு வைத்து உடம்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். நூல்காலனுக்கு இடுப்பே இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை. நூல் நூற்கவும் தெரியாது. முதுகின் முன்பக்கம் ஒரு சின்ன மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு கண். சிலந்தி இரையின் சாற்றை உறிஞ்சும். இது செத்த பூச்சி, காளான், அழுகின பழம் என்று கிடைத்ததைப் பிய்த்துத் துண்டாகவே விழுங்கும். ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட்மன், அறிவியலில் ஓபிலியோனிஸ் என்னும் தனி வரிசை என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 41 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத்தில்கூட அது ஏறக்குறைய இதே நீளக்காலோடுதான் இருக்கிறது.

பிடித்தால் ஒரு காலை உதிர்த்துவிட்டு ஓடிவிடும். விட்டுப்போன கால் உள்ளங்கையில் கிடந்து வெகுநேரம் துடிக்கும். யார் கையில் கால் அதிக நேரம் துடிக்கிறது என்பது எங்களுக்குள் ஒரு போட்டி. அந்தக் காலிலேயே தனியாகச் சுவாசத் துளைகள் இருக்கின்றன என்று பின்னால் படித்தபோது அந்தத் துடிப்புக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. பல்லிக்கு வால் முளைப்பதுபோல இதற்குக் கால் முளைப்பதில்லை. இரண்டாவது ஜோடிக் கால்தான் மிக நீளம். அதை நடக்க அதிகம் பயன்படுத்தாது, முன்னால் நீட்டித் தடவித் தடவி வழி பார்க்கும். அந்த ஜோடியை இழந்தது கண்ணிழந்த மாதிரிதான்.

நாளாக ஆக எனக்கு நூல்காலன்களின் விலாசம் பிடிபட்டது. வெடிப்பலாக் குடைவில் இருந்தது முழுக் கறுப்பு. ஓடைப் பாறை இடுக்கில் இருந்தது துருநிறம், கால் இன்னும் நீளம். சருகைக் கிளறினால் வேறொரு வகை, குட்டைக்கால், முகத்துக்கு முன்னால் முள் வைத்த இடுக்கி, தொட்டால் செத்ததுபோல் கிடக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக்குள்ளோ சில்வர் ஓக் மரத்திலோ நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பஞ்சு உடம்பும் நூல்காலும் கொண்ட பிராணிக்கு ஈரம் வற்றினால் சாவு. பகலில் ஒட்டிக்கிடப்பது ஈரத்தைக் காத்துக்கொள்ளவும்தான்.

இந்தக் கறுப்பன் என்ன இனம் என்று பிற்பாடு தேடப் போனது தனிக் கதை. தேடலில் முதலில் எதிர்ப்பட்டவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை பார்த்தவர். நம் அரியலூர், திருச்சிப் பக்கத்துக் கடற்சிப்பிப் படிவங்களை ஆராய்ந்து தடித் தடியாக எழுதிய அதே மனிதர்தான் 1869இல் ‘காக்ரெல்லா’ என்ற பேரினத்துக்கும் பெயர் வைத்தார். 1874இல் லடாக் மலைவழியில் இறந்துபோனபோது வயது 36. முதுகில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை முள்தான் காக்ரெல்லாவின் அடையாளம். அடுத்து வந்த ஜெர்மானியர் ரோவர் 1923இல் உலகத்து நூல்காலன்களையெல்லாம் ஒரே நூலில் அடக்கினார். வாழ்நாளில் அவர் பெயரிட்ட இனங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். முள் எத்தனை, தொடையில் கணு எத்தனை என்று எண்ணியே பேரினங்களைப் பிரித்தார். உழைப்பு மலைக்க வைக்கிறது, முறைதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரே குடைவில் முள் நீண்டதும் குட்டையானதும் சேர்ந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சாராயப் புட்டியில் போட்டால் நிறமும் வெளுத்துவிடும். இன்றைய ஆய்வாளர்கள் ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்கிறார்கள். ரோவரின் பிரிவுகளில் பல கலைந்துகொண்டிருக்கின்றன.

அதனால் புகைப்படத்தை வைத்துப் பேர் சொல்லக் கேட்பவர்களிடம் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். போன மழைக்காலத்தில் அக்கா மகன் செல்பேசியில் ஒரு படம் அனுப்பி, "மாமா, இது காக்ரெல்லாவா?" என்று கேட்டான். மேலிருந்து எடுத்த படம், கால்தான் தெரிந்தது. எந்த மரம், பட்டை ஈரமா காய்ந்ததா, ஓடை எவ்வளவு தூரம், தனியாக இருந்ததா கூட்டமாகவா என்று எழுதி அனுப்பச் சொன்னேன். முள் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கவும், அதுவரை பேரினப் பெயரைக்கூட எழுதிவைக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.