கூரை இல்லாத ஹெரால்டு

சென்னையை அடுத்த நூம்பலில் ஒரு டிங்கரிங் ஷெட். பட்டி தேய்த்த நிலையில் இரண்டு கார்கள், கதவு கழற்றிய ஒரு லோடு ஆட்டோ. அவற்றுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தார்ப்பாயை இழுத்ததும், பார்க்க வந்திருந்த பழைய கார் பிரியருக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை. தகரக் கூரை இல்லை. கறுப்புத் துணிக்கூரை பின்சீட்டுக்குப் பின்னால் மடிந்து கிடந்தது.

"ஒரிஜினல் கன்வெர்ட்டிபிள் சார். லண்டன்ல இருந்து வந்த ஸ்பெஷல் எடிஷன்" என்றார் தரகர். ஷெட்டின் வயதான டிங்கர் மட்டும் வாய் திறக்கவில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஹெரால்டு சென்னைக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் வெளியிட்ட கார் அது. 1961 முதல் நம் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையிலேயே உருவானது. பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் ஓட்டியவர்கள் இதை இன்றும் சிலாகிப்பார்கள்.

போலிக்கு வழிவிடுவதும் இதன் அமைப்புதான். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் உடலே சட்டம். கூரையை அறுத்தால் வண்டி தொய்ந்து, கதவு இறுகிக்கொள்ளும். ஹெரால்டுக்குத் தனி சேஸ் உண்டு. உடல் அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, கூரையும் அப்படியே. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் அதைக் கழற்றிவிடலாம். டிரையம்ஃப் கம்பெனியே இந்த வசதியை வைத்துத்தான் 1960 முதல் திறந்த ஹெரால்டை விற்றது. ஆகவே கூரை இல்லை என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

பிறகு எதைப் பார்ப்பது? இங்கிலாந்தில் செய்த ஹெரால்டுகளில் ஒரு சிறிய தகடு ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதிலுள்ள எண்ணின் முன்னெழுத்து மாடலைச் சொல்லும். பின்னெழுத்து உடல் வகையைச் சொல்லும். கன்வெர்ட்டிபிள் என்றால் 'சி.வி.' இருக்கவேண்டும். ஆனால் தகட்டை மட்டும் நம்பினால் ஏமாற்றந்தான். பக்கத்திலேயே 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. அச்சு வெட்டவும் எழுத்துப் பொறிக்கவும் கைதேர்ந்தவர்களுக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. நல்ல வேலைக்குப் பழகிய அதே கை, கேட்டால் பழைய தகட்டையும் செய்து கொடுத்துவிடும். அதனால் எண்ணைப் படிக்கும் முன் ரிவிட்டைப் பார்க்கவேண்டும். அறுபதாண்டு அழுக்குக்கு நடுவே பளிச்சென்ற ரிவிட் இருந்தால் அங்கேயே நின்று யோசிக்கவேண்டும்.

டிங்கர் அதைத்தான் முதலில் காட்டினார். தகடு பழசு, ரிவிட் புதுசு. அடுத்து துணியில் சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க நகர்த்தினார். தகரம் உள்ள இடத்தில் அது பிடித்தது. பின்பக்க மூலைகளில் நழுவியது. அங்கே பெயிண்டுக்கு அடியில் கனமாகப் பட்டி இருந்தது. பழைய கூரை உட்கார்ந்த இடத்தை அடைத்து, தேய்த்து, சிவப்பு அடித்திருந்தார்கள். வேலை சுத்தமான வேலை என்று அவரே பாராட்டினார்.

அடுத்தது இன்ஜின். லண்டன் வண்டி என்று தரகர் சொன்ன வயதுக்கு அதில் 1147 சிசி இன்ஜின் இருந்திருக்கவேண்டும். இருந்ததோ 948 சிசி. இந்தியாவில் செய்த ஹெரால்டுகள் கடைசிவரை இந்தச் சிறிய இன்ஜினோடுதான் வந்தன. இன்ஜினை மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் கிடைக்காத இன்ஜினா என்றும் கேட்கலாம். நியாயந்தான். அதனால்தான் கடைசியில் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்கள்.

மஞ்சளேறிய அந்தப் புத்தகத்தில் 'எம்.எஸ்.' என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் பதிவு எண். தயாரிப்பாளர்: ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். உடல் வகை: சலூன். சலூன் என்றால் மூடிய கார். அன்றைய ஆர்.டி.ஓ. அலுவலக எழுத்தர் மையில் எழுதிய அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வெளிநாட்டில் இத்தனை பாடு கிடையாது. பழைய டிரையம்ஃப், எம்.ஜி. கார்களின் தொழிற்சாலைப் பதிவேடுகள் இங்கிலாந்தின் கேடன் கிராமத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பணம் கட்டினால் எந்த நிறத்தில், எந்த நாளில் கார் வெளியே போனது என்று சான்றிதழ் தருகிறார்கள். 1980-ல் எம்.ஜி.பி. காரின் உற்பத்தி முடிந்தபோது இங்கிலாந்துச் சந்தைக்கென 'லிமிடெட் எடிஷன்' 1,000 கார்கள் வந்தன. அவற்றில் திறந்த கார்கள் 421 மட்டுமே. அவை வெண்கல நிறம். சாதாரண எம்.ஜி.பி.க்கு வெண்கலச் சாயம் பூசுவது பெரிய காரியமில்லை, ஆனால் பதிவேட்டில் உள்ள நிறத்தை எவராலும் மாற்றமுடியாது. பெருங்களத்தூர் ஆலை இருந்த இடத்திலோ இன்று ஐ.டி. வளாகம் நிற்கிறது. நம் கார்களுக்கு ஆர்.சி. புத்தகந்தான் பிறப்புச் சான்றிதழ்.

சட்டமும் இப்போது இதைக் கேட்கிறது. 2021 ஜூலையில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார், பைக்குகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அறுத்த கூரையோடு அந்த வாசலுக்குப் போனால் திரும்பித்தான் வரவேண்டும்.

"வண்டி நல்ல வண்டி. கதைதான் வேற" என்றார் டிங்கர். வந்தவர் சலூன் விலைக்குக் கேட்டார், கூரையைத் தேடிப் பொருத்திக்கொள்ளலாம் என்று. தரகர் இறங்கி வரவில்லை. தார்ப்பாய் மறுபடி மூடிக்கொண்டது.

திறந்த காரில் காற்று வாங்க ஆசைப்பட்டுக் கூரையைக் கழற்றியவர் மேல் குற்றமில்லை. அதை மறைத்து விற்பதுதான் மோசடி. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரண்களில், தாத்தா ஓட்டிய காரின் ஆர்.சி. புத்தகமும் ஷோரூம் ரசீதும் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். போகியன்று அவற்றைத் தயவுசெய்து நெருப்பில் போட்டுவிடாதீர்கள்.