இஸ்லாமியக் காப்பீடு: வாங்க ஆள் உண்டு, விற்க ஆள் இல்லை!

சிதம்பரத்தில் பஸ் ஏறி, முட்லூர் வழியாகப் பரங்கிப்பேட்டையில் வந்து இறங்குகிறார் ஒரு காப்பீட்டு முகவர். வயது முப்பதுக்குள்தான். பையில் விண்ணப்பப் படிவங்கள், பிரீமிய அட்டவணை, ஒரு கால்குலேட்டர். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவரைப் பார்க்க இது மூன்றாவது முறை.

"பாய், கடைக்குத் தீ, புயல், வெள்ளம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பாலிசி போட்டுடலாமே?"

"உக்காருங்க தம்பி. டீ சாப்பிடுங்க. பாலிசி மட்டும் வேணாம், அதுல வட்டி இருக்கு."

டீ வருகிறது. கால்குலேட்டர் பையை விட்டு வெளியே வரவில்லை.

காப்பீட்டின் அருமை தெரியாதவரா அந்தப் பெரியவர்? இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அவர் கடைக் கூரை பறந்து போனது. சரக்கெல்லாம் நனைந்தது. மச்சான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமும் ஜமாஅத்தில் கொடுத்த உதவியும்தான் கடையை மறுபடி திறக்க வைத்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவருடைய டிவிஎஸ் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் சாலையில் வண்டி ஓட்ட முடியாதே! வீட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. அதற்குப் பிரீமியம் கட்டுவது அரசு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனோ தன் காருக்கு 'தகாஃபுல்' எடுத்திருக்கிறான். ஒரே குடும்பம்தான். மகன் கையெழுத்துப் போட்டு வாங்கியது அப்பாவுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

தகாஃபுல் என்றால் என்ன?

'ஒருவருக்கொருவர் பொறுப்பேற்பது' என்று பொருள். வழக்கமான காப்பீட்டில் மார்க்க அறிஞர்கள் மூன்று குறைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, வட்டி. இரண்டு, என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் செய்யும் வியாபாரம். மூன்று, சூதாட்டத்தின் சாயல்.

தகாஃபுலில் கட்டுகிற பணம் ஒரு பொது நிதிக்கு நன்கொடையாகப் போகிறது. யாருக்கு நஷ்டம் வருகிறதோ அவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். கம்பெனி அந்த நிதியை நிர்வாகம் செய்து கூலி வாங்கிக்கொள்கிறது. நிதியில் பணம் மிஞ்சினால் உறுப்பினர்களுக்குப் பங்கு தரலாம். பற்றாக்குறை வந்தால் கம்பெனி வட்டியில்லாக் கடன் கொடுத்து ஈடுகட்டும்.

1979-இல் சூடானில் தொடங்கிய ஏற்பாடு இது. மலேசியா 1984-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலான காப்பீடு கூடும் என்று தீர்மானித்தது. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999-இல் வந்துவிட்டது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களும் இதை வாங்குகிறார்கள்.

இங்கே ஏன் இல்லை?

நம் ஊர்ச் சட்டம் அப்படி. 1999-இல் காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறந்தபோதே குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய் என்று வைத்தார்கள். அதைக்கூடப் பலர் சேர்ந்து திரட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய முட்டுக்கட்டை அடுத்ததுதான். காப்பீட்டு நிறுவனம் தன் முதலீட்டில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் போட்டே ஆக வேண்டும். அந்தப் பத்திரங்கள் தருவது வட்டி! வட்டி வேண்டாம் என்பதற்காகத் தொடங்கும் கம்பெனி, சட்டத்துக்காக வட்டி வாங்கியாக வேண்டும்.

'சட்டம் இடம் கொடுக்காவிட்டால் என்ன? ஜமாஅத்தே ஒரு நிதி வைத்து நடத்தலாமே' என்று கேட்கலாம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால், ஒருவர் விபத்தில் சிக்கினால், அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கடலூர் மாவட்டத்தின் கதை வேறு. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். 2011-இல் தானே. 2015-இல் பெருவெள்ளம். இவை ஒரு வீட்டை மட்டும் பார்த்து வருவதில்லை. தெருவே நனைந்து கிடக்கும்போது தெருவின் நிதி யாருக்கென்று கொடுக்கும்? கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவருமே ஒரே தண்ணீரில் நிற்பார்கள்.

கடலூரின் நஷ்டத்தைக் கோயம்புத்தூரும், ஹைதராபாத்தும், கோழிக்கோடும் சேர்ந்து சுமந்தால்தான் அது காப்பீடு. அதற்கு மேல் மறுகாப்பீடும் வேண்டும். நல்ல மனசு மட்டும் போதாது. பரப்பளவு வேண்டும், கணக்கு வேண்டும், சட்டத்தின் பாதுகாப்பும் வேண்டும்.

வணிகவியல் மாணவர்களின் புராஜெக்ட்டில் 'இஸ்லாமியக் காப்பீடு வந்தால் வாங்குவீர்களா?' என்று கேட்டு ஐந்து கட்டங்கள் போட்டிருப்பார்கள். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் காசா, பணமா? இல்லாத பொருளுக்குச் சொல்லும் 'சரி' அது. விலை தெரிந்த பிறகும் அதே கட்டத்தில் டிக் விழுமா என்று யாரும் பார்க்கவில்லை.

டீ குடித்து முடித்த முகவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

"வட்டி இல்லாம ஒண்ணு வந்தா போடுவீங்களா பாய்?"

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. துணியை மடித்துக்கொண்டே யோசிக்கிறார்.

"வரட்டும் தம்பி. யார் நடத்துறாங்க, வருஷா வருஷம் கணக்கு காட்டுவாங்களா, புயல் அடிச்சா எத்தனை நாள்ல காசு கைக்கு வரும்... இதெல்லாம் பாத்துட்டுச் சொல்றேன்."

மார்க்கத்துக்குப் பொருந்துகிறது என்பது கடை வாசல் வரைதான் அழைத்து வரும். அதற்கு அப்புறம் அவரும் எல்லாரையும் போல ஒரு வாடிக்கையாளர்தான். எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத இந்த மூன்று கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்களோ, அவர்களுக்கு அந்தக் கடையில் ஒரு கையெழுத்து காத்திருக்கிறது.

அதுவரை? அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டும்போது அந்தக் கடைக்கு இருக்கும் காப்பீடு, வெளிநாட்டு மச்சானின் செல்போன் நம்பர் மட்டும்தான்.