வண்டிக்கும் முட்டி வலி வரும்

சினிமா, அரசியல் எல்லாம் எழுதறதுக்கு நிறைய பேர் இருக்கீங்க. இன்னிக்கு நான் கொஞ்சம் கிரீஸ் எழுதறேன். கை கறையாகும்னு நினைக்கிறவங்க இப்பவே ஓடிடலாம் :-)

நான் வேலை பார்க்கறது ஓமன்ல, ஒரு கம்பெனியோட வண்டி ஒர்க்‌ஷாப்ல. பாலைவன கேம்ப்புக்குப் போறதெல்லாம் டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை பிக்கப். 1984-ல வந்த வரிசை, இன்னும் விக்கறாங்க. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல லாரி மாதிரி ஒரே நீள ஆக்ஸில். ஆனா சாதாரண லாரியில முன் சக்கரம் திரும்பினா போதும். இதுல திரும்பவும் செய்யணும், வண்டியை இழுக்கவும் செய்யணும். அந்த ரெண்டு வேலையும் சந்திக்கிற முட்டிதான் ஸ்டியரிங் நக்கிள்.

ஆக்ஸில் குழாயோட முனையில தேங்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை. அதை மூடி ஒரு கூடு. மேல ஒரு பேரிங், கீழ ஒரு பேரிங், அதுல கூடு திரும்பும். உள்ளே ஆறு எஃகு குண்டு வெச்ச பிர்ஃபீல்ட் ஜாயிண்ட். அதுக்குத் தீனி மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்.

இதுக்குக் காவல் ரெண்டு சீல். வெளியே ஃபெல்ட், ரப்பர், இரும்பு வளையம்னு ஒரு செட்டு. கூடு திரும்பும்போது உருண்டையைத் துடைச்சு மண்ணை உள்ளே விடாது. இன்னொண்ணு குழாய்க்குள்ள இருக்கற ஆயில் சீல். டிஃப்ரன்ஷியல் ஆயில் கூட்டுக்குள்ள வராம தடுக்கும். முதலாவது குனிஞ்சு பார்த்தாலே தெரியும். ரெண்டாவது எல்லாத்தையும் பிரிச்சாத்தான் தெரியும். வம்பே அங்கதான்.

போன மாசம் ஒரு பிக்கப் வந்துச்சு. டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். “அண்ணே, வலது டயர் உள்பக்கம் கறுப்பா வழியுது. 60-ல போனா ஸ்டியரிங் கிடந்து நடுங்குது”ன்னார். மறுநாள் விடியக்காலை ரப் அல் காலி ஓரத்துல இருக்கற கேம்ப்புக்குத் தண்ணி கொண்டு போகணும். ஃபோர்மேன் சட்டுனு சொல்லிட்டார்: “வெளி சீலை ஒரு இடத்துல வெட்டி மாட்டு, மேல் பிளக்கைத் திறந்து கிரீஸை அடை, அனுப்பு.”

எங்க உஸ்தாத் பெஷாவர்க்காரர். வழிஞ்சதை ரெண்டு விரலால தேய்ச்சு மோந்து பார்த்தார். கிரீஸ் களி மாதிரி இருக்கணும். இது ரசம் மாதிரி ஓடுது, கியர் ஆயிலோட கந்தக நாத்தம் வேற. டிஃப்ரன்ஷியல் பிளக்கைத் திறந்து விரலை விட்டார், ஆயில் தட்டுப்படலை. “வெளி சீல் பாவம், அது என்ன பண்ணும்? உள்ளே போயிருக்கு”ன்னார்.

ஜாப் கார்டுல கையெழுத்து போடறவன் நான். ரெண்டு மணி நேரத்துல ஒப்பேத்தி அனுப்பியிருக்கலாம். ஆயில் இல்லாத டிஃப்ரன்ஷியல் மணல்ல எத்தனை தூரம் தாங்கும்? மாட்டிக்கிட்டா உள்ளே உட்கார்ந்திருக்கறது ஃபோர்மேனும் இல்லை, நானும் இல்லை. போட மாட்டேன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் சத்தம் ஆச்சு. கடைசியில தண்ணி வேற வண்டியில போச்சு.

பிரிச்சுப் பார்த்தா கூட்டுக்குள்ள கறுப்பு ரசம். உள் சீலோட உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தது. ஏன்? கீழ் பேரிங் குழி விழுந்து, கூடு இறங்கி, ஷாஃப்ட் நடுவுல ஓடாம சீலை ஒரு பக்கமா அரைச்சிருக்கு. ஸ்டியரிங் நடுங்கினதும் அந்தப் பேரிங்காலதான். ஆக்ஸில் மேல இருக்கற பிரீதரும் சேறு அடைச்சிருந்தது. ஓட ஓட ஆக்ஸில் சூடாகும், உள்ளே காத்து விரியும், போக வழி இல்லேன்னா ஆயிலை சீல் வழியா தள்ளும். சூட்டோட வாடித் தண்ணியில இறங்கினா நேர் எதிர், தண்ணியை உள்ளே உறிஞ்சும்.

அப்புறம் ஒன்றரை நாள் வேலை. மேல் கீழ் பேரிங் புதுசு. ஷிம் தகடுகள் எது எங்க இருந்ததோ அங்கயே. வெளி சீலை மாட்டறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் ஆர்ம்ல ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு, கூடு திரும்ப எவ்வளவு இழுக்க வேண்டியிருக்குன்னு பார்த்தோம். ஜாயிண்ட்டைக் கழுவி கையாலேயே கிரீஸ் திணிச்சோம். கூட்டுல முக்கால் பங்குதான், கழுத்து வரை அடைச்சா சூட்டுல வெளி சீலைத் தள்ளிடும். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது மட்டும் உஸ்தாத் யாரையும் பேச விடலை. சாய்ஞ்சு உரசினா அதோட பல் புது சீல் உதட்டைக் கிழிச்சிடும்.

இடது பக்கம் வழியவே இல்லை. அதையும் பிரிக்கச் சொன்னார். அங்கயும் கிரீஸ் இளக ஆரம்பிச்சிருந்தது.

டிரைவர் ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, “அண்ணே, 80-லயும் கை நடுங்கலை”ன்னார். ஃபோர்மேன் ஒண்ணும் சொல்லலை. ஆனா அதுக்கப்புறம் நக்கிள் வழியுதுன்னு வர்ற ஜாப் கார்டுல எல்லாம் அவரே ‘ஆயில் லெவல், பிரீதர் பார்க்கவும்’னு எழுதறார்.

டிஸ்கி: ஊர்ல மாருதி ஜிப்ஸி வெச்சிருக்கற மக்களே, உங்க முன் ஆக்ஸிலும் இதே ஜாதிதான். உருண்டை மேல மெல்லிசா கறுப்புப் படலம் இருந்தா கவலையே வேணாம், அப்படித்தான் இருக்கணும். சொட்டினா மட்டும் சீல் வாங்கக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி, டிஃப்ரன்ஷியல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்க.